மினி காரைத் தந்த அகதி

கேகாலையில் என் பழைய மினி காரின் முன்பக்கம் தாழ்ந்துவிட்டது. எயார் பாக் பூட்டுவதா, ஹைட்ரோலிக்கா என்று கராஜில் கேட்டார்கள். அந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்.

அவரும் அகதிதான். 1906இல் சிமிர்னாவில் பிறந்தவர். 1922இல் கிரேக்க - துருக்கிப் போர் நகரை எட்டியபோது பெற்றோருடன் பிரிட்டிஷ் கப்பலில் மால்டாவுக்குத் தப்பினார். அங்கே தந்தை இறந்தார். தாயும் மகனும் இங்கிலாந்து சேர்ந்தார்கள். கணிதப் பரீட்சையில் மூன்று முறை தோற்றவர், 1948இல் மொறிஸ் மைனரையும் 1959இல் மினியையும் தந்தார்.

மினியின் பாரத்தை முதலில் தாங்கியது இறப்பர் கூம்பு. 1964இல், அலெக்ஸ் மோல்டன் உருவாக்கிய ஹைட்ரோலாஸ்ரிக் வந்தது. முன் சில்லு மேட்டில் ஏறினால், குழாய்வழி திரவம் பின்னுக்கு ஓடிக் குலுக்கலைக் குறைக்கும். ஆனால் செலவு அதிகம். சில ஆண்டுகளில் மினி இறப்பருக்கே திரும்பியது.

எயார் பாக்குக்குக் கொம்பிரசர் வேண்டும். ஹைட்ரோலிக்குக்குப் பம்பும் எண்ணெயும் வேண்டும். மலைப்பாதையில் ஒழுகினால் இரண்டும் வில்லங்கம். தேய்ந்த இறப்பரையே மாற்றச் சொன்னேன்.

1977இல் இறப்பர் தோட்டத்து லயத்தைவிட்டு வன்னிக்கு ஓடிய குடும்பம் எங்களுடையது. இசிகோனிஸ் 1988இல் மறைந்தார். ஊரை இழந்த ஒருவர் எளிமையாகச் செய்த வண்டி, எங்கள் ஏற்றங்களில் இன்னும் ஓடுகிறது.