ஆர்தர் குவெடல்

ஆர்தர் எர்னஸ்ட் குவெடல் (ஜூன் 13, 1883 – ஜூன் 10, 1956) அமெரிக்காவைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் ஆவார். ஈதர் மயக்கத்தின் ஆழத்தை நோயாளியின் கண்களைக் கொண்டு கணிக்கும் முறையை வகுத்தவர் என அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இவர் இந்தியானா மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் சிட்டி என்னும் ஊரில் பிறந்தார். 13 ஆவது அகவையில் விபத்தொன்றில் வலக்கை விரல்கள் மூன்றை இழந்தார். எனினும் 1908 இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் படை மருத்துவராகப் பணியாற்றினார். காயமுற்றோர் பெருந்தொகையினராக இருக்க, மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்தோர் மிகச் சிலரே இருந்தனர். எனவே செவிலியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பயிற்சியளித்த குவெடல், மருத்துவமனைகளுக்கு மோட்டார் சைக்கிளில் சென்று அவர்களை மேற்பார்வையிட்டார்.

கண் அறிகுறிகள்

ஈதர் குறைந்தால் நோயாளி திமிறுவார். மிகுந்தால் மூச்சு நின்றுவிடும். மயக்கத்தின் ஆழத்தை அளக்கும் கருவி அன்று இல்லை. ஆகவே பயிற்சி பெறுவோருக்காக அறிகுறிகளின் அட்டவணை ஒன்றைக் குவெடல் உருவாக்கினார். இதில் மயக்கம் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டது. அறுவைக்கு ஏற்ற மூன்றாம் நிலை மேலும் நான்கு படிகளாக வகுக்கப்பட்டது. முதற்படியில் இமை அனிச்சை மறைந்து, விழிகள் இங்குமங்கும் அசையும். இரண்டாம் படியில் விழிகள் அசைவின்றி நிற்கும். பின்னர் விலா இடைத் தசைகள் செயலிழக்கத் தொடங்கும். நான்காம் நிலையில் மூச்சு நிற்கும். விழி அசைவுகள் குறித்த இவரது கட்டுரை 1920 இல் வெளியானது. இவரது நூல் 1937 இல் வெளிவந்தது.

நாய்ச் சோதனை

ரால்ஃப் வாட்டர்சுடன் இணைந்து, காற்றடைத்த உறையுடன் கூடிய மூச்சுக்குழாய்க் குழலைக் குவெடல் உருவாக்கினார். இதனை இருவரும் 1928 இல் வெளியிட்டனர். இவ்வுறை மூச்சுக்குழாயை அடைத்து, நீரோ குருதியோ நுரையீரலுக்குள் புகாமல் தடுக்கும். இதை மெய்ப்பிக்க, மயக்கமுற்ற நாய் ஒன்று குழல் பொருத்தப்பட்டு நீர்த்தொட்டியில் அமிழ்த்தப்பட்டது. வெளியே எடுக்கப்பட்டபின் அது விழித்தெழுந்து உடலை உதறிக்கொண்டது. அந்நாய் பிற்காலத்தில் வாட்டர்சு குடும்பத்தினருடன் வாழ்ந்தது.

தாக்கம்

குவெடல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காலமானார். ஈதரின் பயன்பாடு குறைந்ததாலும் கருவிகள் வந்ததாலும் அவரது அட்டவணை மனித மருத்துவத்தில் முதன்மை இழந்தது. கால்நடை மருத்துவத்தில் கண் அறிகுறிகள் இன்றும் பயன்படுகின்றன. நாய்களில் அறுவைக்கு ஏற்ற ஆழத்தில் விழி பெரும்பாலும் கீழ்நோக்கித் திரும்பும்; மயக்கம் மிக ஆழ்ந்தால் மீண்டும் நடுவில் நிற்கும். லேசான மயக்கத்திலும் விழி நடுவில் இருக்கும் என்பதால், இமை அனிச்சையையும் சேர்த்தே பார்ப்பர். கெட்டமைன் மருந்தில் இவ்வனிச்சைகள் நீடிப்பதால் இம்முறை அதற்குப் பொருந்தாது.