சாலையோரத்தில் மருந்திட்ட ஐடா அம்மையார்

பெங்களூரிலிருந்து காட்பாடிக்கு டிக்கெட் கேட்பவர்களில் பலர் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும். ஜோகுபாளையம், அல்சூர் வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலூர்ப் பக்கத்து உறவு விடாதவர்கள் இங்கே அநேகம். அந்த ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பிரசவ டாக்டராகவே எல்லோரும் அறிவர். புண்ணும் சிரங்கும் தொழுநோயுமாக வந்த ஏழைகளுக்கு அவர் செய்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அம்மையார் 1870 டிசம்பர் 9ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தாவும் தகப்பனாரும் அமெரிக்கப் பாதிரி டாக்டர்கள். மகளுக்கோ அந்த வழியில் விருப்பமில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார், பிரசவ வேதனையிலிருந்த மனைவியரைக் காப்பாற்ற அழைத்து நின்றனர். ஆண் டாக்டரான தகப்பனாரை அனுமதிக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் மாண்டனர். அதன் பிறகே அவர் அமெரிக்கா சென்று, 1899ல் கார்னெல் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்றார். 1902ல் வேலூரில் 40 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி எழுந்தது.

ஆஸ்பத்திரி இருந்தால் போதுமா? கூலியை விட்டு, ஆறாத புண்காலோடு அத்தனை மைல் யார் நடப்பது? அம்மையாரே மருந்துப் பெட்டியுடன் வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் கிளம்பினார். முதலில் மாட்டு வண்டி, பின்பு மோட்டார். மோட்டாரைப் பேயென்று எண்ணி ஓடியவர்களும் உண்டாம்! மரத்தடிகளில் வண்டி நிற்கும். புண்ணைக் கழுவிக் கட்டுவது, சிரங்குக்குக் களிம்பு தடவுவது எல்லாம் அங்கேயே நடக்கும். தொழுநோயாளிகளும் வந்தனர்.

அந்நாளில் அது லேசான காரியமல்ல. 1898ம் வருடச் சட்டம் அமலிலிருந்த இடங்களில், பிச்சையெடுக்கும் தொழுநோயாளியை வாரண்டு இல்லாமலே போலீசார் பிடிக்கலாம். வசதியுள்ளவனுக்கு அந்தப் பயமில்லை. வியாதி ஒன்றுதான், பணமில்லாததே குற்றம்! மருந்தும் நீரடிமுத்து எண்ணெய் ஊசிதான். வலி அதிகம், குணம் குறைவு. 1940களின் இறுதியில் டாப்சோன் வந்த பிறகே ஏழைக்கு எட்டும் விலையில் பலனுள்ள வைத்தியம் கிடைத்தது.

1918ல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கிய அம்மையார், 1946ல் ஓய்வு பெற்றார். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை டாக்டர் பால் பிராண்டு அதே வேலூரில் 1948ல் தொடங்கினார். 1955ல் கரிகிரியில் தொழுநோய் ஆஸ்பத்திரி வந்தது. அதையும் கண்டுவிட்டு, 1960 மே 24ல் கொடைக்கானலில் அம்மையார் காலமானார்.

இன்று தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். காப்பீடு அட்டை எதுவும் கேட்பதில்லை. உணர்ச்சியற்ற தேமல் கண்டால் நம் பக்கத்து பௌரிங் ஆஸ்பத்திரியிலேயே தோல் பிரிவில் காட்டலாம். தொற்றாத நிலையிலுள்ள தொழுநோயாளிக்கு ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் 75 சதவிகிதம் சலுகை உண்டு. அதற்கு டாக்டர் கையெழுத்திட்ட படிவம் தேவை. டிக்கெட் எடுக்க வருமுன்பே அதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.