யார் இந்த ஓமந்தூரார்? 1948-ல் உழவருக்குக் கிடைத்ததும் விடுபட்டதும்

சென்னை அண்ணா சாலையில் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையைத் தினமும் கடந்து போகிற பலருக்கு, அந்தப் பெயருக்குள் ஓர் ஊர் இருப்பது தெரியாது. விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரி போகிற வழியில் இருக்கு ஓமந்தூர். 1895 பிப்ரவரி 1-ல் அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஓ.பி. ராமசாமி ரெட்டியார்.

திண்டிவனத்தில் பள்ளிப் படிப்பு, அப்புறம் விடுதலைப் போராட்டம். 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். முதல்வர் பதவிக்கு அப்போ அதுதான் பெயர். நாடு விடுதலை அடைந்த நாளில் அந்த நாற்காலியில் இருந்தவர் இவர்தான். கோயில் நுழைவு, தேவதாசி ஒழிப்பு ஆகிய சட்டங்கள் அந்த ஆண்டிலேயே வந்தன.

1948-ல் வந்தது ஜமீன் ஒழிப்புச் சட்டம். ஜமீன் பகுதிகளில் உழுதவர் அதுவரை ஜமீன்தாருக்குத்தான் வரி கட்டணும். சட்டம் அந்த இடைத்தரகரை நீக்கிட்டு, உழவரை நேரடியாக அரசின் பட்டாதாரர் ஆக்கியது. பெரிய மாற்றம்தான்.

அதே 1948-ல் டெல்லியில் இ.எஸ்.ஐ. சட்டம் நிறைவேறியது. ஆலைத் தொழிலாளிக்கு உடம்பு முடியலைன்னாலும், இயந்திரத்தில் கை போனாலும் பணம் உண்டு. ஆனால் அதற்குச் சம்பளத்தில் பிடித்தம் வேணும், முதலாளியின் பங்கும் வேணும். சொந்த நிலத்தில் உழுகிறவருக்கு முதலாளியே கிடையாதே! மாடு முட்டி கால் ஒடிஞ்சா, கையில் பட்டா இருக்கும். உழ ஆள் இருக்காது. உழவரான முதல்வரின் காலத்திலும் இந்த ஓட்டை அப்படியே இருந்தது. மத்தியச் சட்டத்துக்கு அவரைப் பொறுப்பாக்க முடியாதுதான்.

சிபாரிசுக்கு வளையாதவர் என்பதால் சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு. 1949 ஏப்ரலில் பதவியை விட்டார். போன இடம், வள்ளலாரின் வடலூர். சுத்த சன்மார்க்க நிலையம் அமைத்து, ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லமும் பள்ளியும் நடத்தினார். 1962-ல் தமிழக அரசு முதியோர் ஓய்வூதியம் தொடங்கியதை அவர் பார்த்தார். அதுவும் ஆதரவற்ற முதியவர்களுக்கு மட்டும்தான். 1970 ஆகஸ்ட் 25-ல் காலமானார்.

விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் தமிழகத்தில் 2006-ல் வந்தது. 2011-ல் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம். 18 முதல் 65 வயது வரை, நஞ்சை 2.5 ஏக்கர் அல்லது புஞ்சை 5 ஏக்கருக்குள் நேரடியாகப் பயிர் செய்பவர் உறுப்பினர் ஆகலாம். விபத்தில் கை, கால் போனால் நிவாரணம் உண்டு.