பள்ளிக்கூடத்துக்குக் குடிமைப் பாடம் கற்பித்தவர்: அய்யன்காளியின் வாழ்வு

மாணவர்களிடையே சாதி வன்முறை வெடிக்கும்போதெல்லாம், பள்ளிகளில் அறநெறி வகுப்பு வேண்டும் என்ற குரல் எழுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன் பின்னர்த் தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அறிக்கை, அறநெறி வகுப்புகளைப் பரிந்துரைத்ததோடு, வகுப்பறையில் மாணவர்களை அகரவரிசைப்படி அமர்த்த வேண்டும் என்றும் கூறியது. யார் எந்தப் பெஞ்சில் அமர்வது என்பது அவ்வளவு பெரிய சிக்கலா என வியப்போர் உண்டு. அவர்கள் அய்யன்காளியின் வாழ்வை அறிய வேண்டும்.

அய்யன்காளி 1863 ஆகஸ்ட் 28 அன்று, திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் புலையர் குடும்பமொன்றில் பிறந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூர் அரசில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டு அப்போது எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. சட்டம் மாறியதே தவிர, வயலில் உழைத்த மக்களின் நிலை மாறவில்லை. பொதுச் சாலையில் நடக்கவும், சந்தைக்குள் நுழையவும், முழங்காலுக்குக் கீழே ஆடை உடுத்தவும் அவர்களுக்குத் தடை இருந்தது. பள்ளிக்கூடத்தின் வாசலும் மூடியே கிடந்தது. அய்யன்காளி இறுதிவரை எழுதப் படிக்க அறியாதவராகவே வாழ நேர்ந்ததற்கு இந்த மூடிய வாசலே காரணம்.

1893இல் அவர் ஒரு மாட்டுவண்டியை விலைக்கு வாங்கினார். வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து, மாடுகளின் கழுத்தில் மணி ஒலிக்கப் பொதுச் சாலையில் அதை ஓட்டிச் சென்றார். தடுக்க வந்தோரை எதிர்த்து நின்றார். 1898இல் பாலராமபுரத்தில் சாலை உரிமைக்காக நடந்த மோதலில் இரு தரப்பிலும் குருதி சிந்தியது. சாலை பொதுவானது என்ற குடிமைப் பாடத்தின் முதல் வரியை அவர் நூலிலிருந்து கற்கவில்லை. நடந்து காட்டியே நிறுவினார்.

அடுத்து அவர் பார்வை கல்வியின் மீது திரும்பியது. தம் மக்களுக்கென வெங்ஙானூரில் அவர் தொடங்கிய பள்ளியைச் சாதி இந்துக்கள் அழித்தனர். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அரசு ஆணையிட்ட பின்னரும், ஊர்ச் செல்வாக்கினரும் அலுவலர்களும் அதைச் செயல்படாமல் முடக்கினர். அந்நிலையில்தான் இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் தனித்து நிற்கும் வேலைநிறுத்தம் பிறந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் வயலில் இறங்க மாட்டோம் என உழவுத் தொழிலாளர் அறிவித்தனர். நிலங்கள் தரிசாயின, குடிசைகளில் பசி புகுந்தது. கடலோர மீனவர் தம் படகுகளில் வேலை தந்து அவர்களைத் தாங்கினர். இறுதியில் நிலவுடைமையாளர்கள் இறங்கிவந்தனர். வயிற்றுக்கான கூலியோடு பிள்ளைகளின் கல்வியையும் கோரி, படிப்பறிவு மறுக்கப்பட்ட மக்கள் நடத்திய போராட்டம் அது.

ஆயினும் உடன்பாடு வேறு, வகுப்பறை வேறு. பஞ்சமி என்ற சிறுமியை அழைத்துக்கொண்டு அய்யன்காளி ஊரூட்டம்பலம் அரசுப் பள்ளிக்குச் சென்றார். அரசாணை இருந்தும் தலைமையாசிரியர் மறுத்தார். மறுப்பை மீறி அச்சிறுமி பெஞ்சில் அமர்த்தப்பட்டாள். புலையர் பெண் தொட்ட பள்ளி தீட்டுப்பட்டதெனக் கூறி, ஆதிக்கச் சாதியினர் அதற்குத் தீ வைத்தனர். தீ அந்த ஊரோடு நிற்கவில்லை. கொல்லம் ஆண்டு 1090இல், அதாவது 1914–15இல், சுற்றுப்புறமெங்கும் மூண்ட கலவரத்தைக் கேரள வரலாறு தொண்ணூறாமாண்டுக் கலவரம் என்றே குறிக்கிறது. எரிந்து எஞ்சிய பெஞ்சு ஒன்று அப்பள்ளியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 2022இல் கேரள அரசு அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவரின் பெயர்களையும் சூட்டியது.

அந்தப் பள்ளியிலும் நீதிக் கதைகள் சொல்லப்பட்டிருக்கும். உண்மை பேசு, உயிர்களிடம் அன்பு கொள் என்று பிள்ளைகள் ஒப்பித்திருப்பர். ஒரு சிறுமி அருகில் அமர்ந்ததும் அப்பாடங்கள் யாவும் சாம்பலாயின. அதே காலத்தில் வெங்ஙானூரில் புலையர் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முன்வந்த பரமேசுவரன் பிள்ளை என்ற ஆசிரியர், மிரட்டல்களுக்கு நடுவே தம் பணியைத் தொடர்ந்தார். ஆசிரியரின் ஒழுக்கம் எதில் வெளிப்படுகிறது என்பதற்கு இவ்விரு பள்ளிகளுமே சான்று.

இதற்கிடையே திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு அய்யன்காளி உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் அங்கே நிலத்துக்காகவும் கல்விக்காகவும் குரல் கொடுத்தார். 1915இல், அடிமைச் சின்னமான கல்மாலையைக் கழற்றி எறிந்த பெண்களுக்குத் துணை நின்றார். 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியானது. அடுத்த ஆண்டு ஜனவரியில் காந்தி வெங்ஙானூருக்கு வந்தபோது, தம் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெற வேண்டும் என்ற ஆவலை அய்யன்காளி வெளியிட்டார். கோயில் திறந்துவிட்ட பின்னரும் அவர் மனம் பள்ளியையே நாடியது. 1941 ஜூன் 18 அன்று அவர் மறைந்தார்.

இன்று நம் பாடநூல்களின் முன்பக்கத்தில், தீண்டாமை குற்றம் என அச்சிடப்பட்டிருக்கிறது. அரசமைப்பின் முகப்புரையைப் பிள்ளைகள் உரக்க வாசிக்கின்றனர். இவை வேண்டியவையே. ஆனால் வாசித்து முடித்த அதே பிள்ளைகளில் கழிப்பறையைக் கழுவ அனுப்பப்படுபவர் யார்? பட்டியல் சாதிப் பெண் சமைத்த சத்துணவை மறுக்கும் பெற்றோரிடம் பள்ளி என்ன சொல்கிறது? கையில் கட்டிய வண்ணக் கயிற்றைப் பார்த்தும் பாராமல் போகும் ஆசிரியர் எதைக் கற்பிக்கிறார்? பிள்ளைகள் உண்மையில் பயில்வது இந்தப் பாடங்களைத்தான்.

ஆகவே அறநெறி வகுப்பு வருவதை நாம் எதிர்க்கவில்லை. இருக்கை வரிசையும், துப்புரவுப் பணியும், சமையற்கூடமும் சமத்துவத்தின்படி நடக்கும் பள்ளியில்தான் அவ்வகுப்புக்குப் பொருள் உண்டு என்கிறோம். கல்வி உரிமைச் சட்டம் பெற்றோருக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் தந்திருக்கிறது. அக்குழுவின் கூட்டத்தில் இக்கேள்விகளை எழுப்பும்படி நம் ஊர்ப் பெற்றோரை அணியப்படுத்துவது செயற்பாட்டாளரும் கல்லூரி மாணவரும் இன்றே தொடங்கக்கூடிய வேலை. பஞ்சமியின் கையைப் பிடித்துப் பள்ளிக்குச் சென்றவர் விட்டுச்சென்ற வேலையும் அதுவே.