கடனை மறைக்காத கப்பலோட்டிய தமிழர்

நவம்பர், இறந்த நம் உறவுகளை நினைத்துக் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி நாம் செபிக்கும் மாதம். இதே மாதம் 18-ஆம் நாள், 1936-ஆம் ஆண்டு, தூத்துக்குடியில் கண்மூடியவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. பாளையங்கோட்டையில் அவர் பெயரால் அமைந்த மைதானத்தில் நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். தூத்துக்குடித் துறைமுகமும் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கப்பல் ஓட்டியவர், செக்கிழுத்தவர் என்று அவரை நாம் அறிவோம். கடன்பட்டவராகவும், பட்ட கடனை மறைக்காதவராகவும் அவரை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை. கல்லூரியில் காலடி வைக்கும் நம் இளையோருக்கு இன்று தேவைப்படுவது அந்தப் பாடம்தான்.

அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்தார் வ.உ.சி. தூத்துக்குடி புனித சவேரியார் பள்ளி, கால்டுவெல் பள்ளி, திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளி ஆகியவற்றில் பயின்றார். சட்டம் படித்து வழக்கறிஞரானார். அவர் நம் மறையைச் சார்ந்தவர் அல்லர். சைவ நெறியில் ஆழ ஊன்றியவர். ஆயினும் நேர்மை எங்கிருந்தாலும் அது இறைவனின் கொடையே.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயரின் கப்பல்களே ஓடிய காலம் அது. 1906 அக்டோபர் 16 அன்று சுதேசிக் கப்பல் கம்பெனியை வ.உ.சி. பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வட்டிக்கடைக்குப் போகாமல், ஊர் ஊராகச் சென்று, திட்டத்தை விளக்கி, மக்களைப் பங்குதாரர் ஆக்கினார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; பிறகு இலவசமாகவே பயணிகளை ஏற்றிக்கொண்டு, குடையும் கொடுத்தது. இலவசமாக வருவதற்குப் பின்னால் யாருடைய ஆதாயம் இருக்கிறது என்று நாம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்று இது.

1908 மார்ச்சில் அவர் கைதானார்; பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். இரண்டு ஆயுள் தண்டனைகள், மொத்தம் 40 ஆண்டுகள் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோவை, கண்ணூர் சிறைகளில் வாடி, 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அவருடைய கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. மனைவி மக்களோடு சென்னையில் குடியேறி, சிறு வியாபாரம் செய்து பிழைத்தார்.

அந்நாளில் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள் அவருக்கென்று பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் ஒப்படைத்திருந்தார்கள். அது வந்து சேராதபோது, 1915-இல் வ.உ.சி. காந்தியடிகளுக்குக் கடிதம் எழுதினார். தம் வறுமையை ஒளிக்கவுமில்லை. மரியாதை குறைய ஒரு சொல் எழுதவுமில்லை. பலமுறை கடிதங்கள் சென்று வந்தபின், 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்தது. தமக்குரியதைத் தெளிவாகவும் பணிவாகவும் கேட்பது வெட்கத்துக்குரியது அல்ல என்று இது நமக்குக் கற்றுத் தருகிறது.

பின்னர் கோவையில் ஒரு வங்கியில் மேலாளராகப் பணியாற்றினார். நீதிபதி வாலஸ் என்னும் ஆங்கிலேயரின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கடனுக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்காடியும் வறுமை நீங்கவில்லை. இறக்கும் முன் எழுதிய உயிலில், துணிக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்கும் தர வேண்டிய பாக்கியையும் சில்லறைக் கடன்களையும் குறிப்பிட்டு வைத்தார். பத்து லட்சம் ரூபாய்க் கம்பெனியை உருவாக்கிய கை, முப்பது நாற்பது ரூபாய்க் கடனையும் விடாமல் எழுதியது. கடைக்காரர் மறந்தாலும் தாம் மறக்கக் கூடாது என்று எண்ணினார் போலும்.

அன்பார்ந்தவர்களே, கடன் வாங்குவதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. கல்விக்கடன் பல ஏழைக் குடும்பங்களில் முதல் பட்டதாரியை உருவாக்கியிருக்கிறது. கடனை மறைப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது. கைப்பேசிச் செயலியில் சில நிமிடங்களில் கடன் வாங்கும் மாணவன் அதை வீட்டில் சொல்வதில்லை. அதை அடைக்க இன்னொரு செயலியில் வாங்குகிறான். கடன் அட்டையில் 10,000 ரூபாய் பாக்கி வைத்து, மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால், ஆண்டுக்கு வட்டி மட்டுமே 4,200 ரூபாய். ரூபாய்க்குப் பத்துப் பைசா வட்டி என்று தெருவில் வாங்கினால், ஓராண்டு வட்டியே வாங்கிய தொகையைத் தாண்டிவிடும். 2003-இலேயே தமிழகத்தில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டித் தொல்லையால் பெற்றோரும் இரு குழந்தைகளும் தீயில் கருகியதை நம் ஊர் மறக்க முடியுமா?

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் இயேசு கற்பித்தார் (லூக்கா 14). அந்தக் கணக்கை நம் வீடுகளில் பிள்ளைகளோடு சேர்ந்து போடுவோம். குடும்ப வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்வோம். பத்து வயதிலேயே வங்கிக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்து, சிறு தொகையைச் சேமிக்கப் பழக்குவோம். கல்விக்கடன் வாங்கும் மாணவர், படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும் என்பதை அறிந்தே கையெழுத்திடட்டும். செலவை ஒரு நோட்டில் அன்றன்று எழுதட்டும். இணையத்தில் பணம் ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 என்னும் எண்ணை அழைக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடனில் சிக்கிய பிள்ளை பயமின்றி வந்து உண்மையைச் சொல்லும் இடமாக நம் வீடு இருக்கட்டும். திட்டுவதற்கு முன் நாம் கேட்போம். ஊதாரி மகன் வறுமையில் திரும்பி வந்தபோது, தந்தை கணக்குக் கேட்கும் முன்பே ஓடிச்சென்று கட்டி அணைத்தார் அல்லவா?

இறைவா, சிறியவற்றிலும் நம்பிக்கைக்குரியவர்களாய் வாழ எங்கள் இளையோருக்கு ஞானம் தாரும். கடன் சுமையால் கலங்கி நிற்கும் குடும்பங்களுக்கு நாங்கள் துணைநிற்க அருள்புரியும். ஆமென்.