உணவு மேசையில் மர்மம் விதைத்த அகதா கிறிஸ்டி

துப்பறியும் புதினங்களால் உலகப்புகழ் பெற்ற அகதா கிறிஸ்டி, இங்கிலாந்தின் டார்க்கி நகரில் 1890 செப்டம்பர் 15-ஆம் தேதி பிறந்தார். முதல் உலகப் போரின்போது அந்நகர மருத்துவமனையின் மருந்தகத்தில் பணியாற்றி, நஞ்சுகளின் இயல்பையும் அளவையும் கற்றறிந்தார். 1920-இல் வெளிவந்த முதல் நாவலிலேயே அந்த அறிவு கைகொடுத்தது. பின்னர் ஒரு கதையில் காலை உணவுக்கான மர்மலேடில் நஞ்சு கலந்தது; மற்றொன்றில் மீன் விழுது தடவிய சாண்ட்விச் மீது சந்தேகம் விழுந்தது.

1976 ஜனவரி 12-இல் அவர் காலமானார். மறு ஆண்டு லண்டன் மருத்துவமனையில் காரணம் புலப்படாத நோயால் ஒரு குழந்தை உயிருக்குப் போராடியது. தாலியம் நஞ்சைப் பற்றிய அவரது 'தி பேல் ஹார்ஸ்' நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலியர் அறிகுறிகளை அடையாளம் கண்டார். பரிசோதனை அதை உறுதிசெய்தது, குழந்தை பிழைத்தது.