ஆசானுக்குச் செலுத்திய கடன்

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தை அடுத்த சேலையூர், மேடவாக்கம் முதலிய ஊர்களில் ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த காலம் ஒன்றுண்டு. அவ்வயல்களிற் பெரும்பாலன இன்று வீட்டுமனைகளாயின. எனினும், அங்கு வாழ்வோர்க்கும் சோறு நெல்மணியினின்றே வருகின்றது. அம்மணியின் ஓரத்தில் சிறிய கரு ஒன்று உறங்குகின்றது. எஞ்சிய பெரும்பகுதி அக்கருவுக்கு உணவாக அமைந்த முளைசூழ்தசையாகும். அதன் உயிரணுக்கள் சர்க்கரைக் கூறுகளை நீண்ட சரங்களாகக் கோத்து மாவுப்பொருளாகச் சேமித்து வைக்கின்றன. இத்தகைய சரங்களைப் பாலிசாக்கரைடுகள் என்பர். இளங்கருவுக்கென இயற்கை வைத்த கட்டுச்சோற்றையே நாம் எடுத்து உண்கின்றோம்!

பூக்கும் செடிகளில் கருவும் முளைசூழ்தசையும் தோன்றி வளரும் முறையை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பஞ்சானன் மகேசுவரி. அவர் 1904ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 9ஆம் நாள் செய்ப்பூரில் பிறந்தார். அலகாபாத்திலுள்ள யூயிங் கிறித்தவக் கல்லூரியில் அவர் பயின்றபொழுது, வின்பீல்டு டட்ஜன் என்னும் அமெரிக்கர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். மாணாக்கன் தம்மினும் மேம்படக் கண்டு மகிழும் பண்பினர் அவ்வாசான். தாம் பெற்ற கல்விக்குக் கைம்மாறாக யாது செய்தல் வேண்டும் என்று மகேசுவரி ஒருகால் அவரை வினவினார். தாம் அவருக்குச் செய்ததை அவர் தம் மாணாக்கர்க்குச் செய்தாற் போதும் என்பதே டட்ஜன் அளித்த விடை. பொன்னாகக் கொடுத்து ஒருநாளில் தீர்க்கத்தக்க கடனன்று அது.

ஆக்ரா, டாக்கா முதலிய இடங்களில் கற்பித்தபின், 1949இல் தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் தலைமையை மகேசுவரி ஏற்றார். மறு ஆண்டில் வெளிவந்த அவரது கருவியல் நூல் பல நாடுகளிலும் பாராட்டப்பெற்றது. ஆயினும், அவர் புகழுக்கு நிலைக்களனாய் நின்றது அவரது ஆராய்ச்சிக்கூடமே.

அங்குத் திசு வளர்ப்பு என்னும் கலை தழைத்தது. செடியின் சிறுகூறு ஒன்றைத் தூய்மை செய்து, சர்க்கரையும் உப்புக்களும் கலந்த ஊட்டக்கூழில் வைத்து வளர்ப்பதே அக்கலை. கூழ் இறுகுவதற்குக் கடற்பாசியினின்று எடுத்த அகாரைச் சேர்ப்பர். இவ்வகாரும் பாலிசாக்கரைடே ஆகும். ஒரு துளிப் பூசணம் உள்ளே புகினும் பல வார உழைப்புப் பாழாகும். பொறுமையில்லார்க்கு இக்கலை வசப்படாது.

1962இல் குசும் காந்தா, இரங்கசுவாமி ஆகியோருடன் சேர்ந்து, கசகசாச் செடியின் சூல்களைக் கண்ணாடிக் குழாயிலேயே கருவுறச் செய்து விதைகளாக்கினார் மகேசுவரி. 1964இல் அதே துறையில் சிப்ரா குகாவும் மகேசுவரியின் மைந்தர் சதீசு சந்திரரும், ஊமத்தையின் மகரந்தத்தூளினின்றே கருக்கள் எழக் கண்டனர். அதுகாறும் எவரும் எதிர்பாராத செய்தி அது. மறு ஆண்டில் ஜோரியும் போஜ்வானியும் சந்தனக் குடும்பத்து மரம் ஒன்றின் முளைசூழ்தசையினின்று தளிர்கள் தோன்றச் செய்தனர். உணவாகித் தேய்ந்தொழிவதற்கென்றே அமைந்த தசை, தானே தளிர்த்தது!

அவ்வாண்டிலேயே இலண்டன் இராயற் கழகம் மகேசுவரியை உறுப்பினராக ஏற்றது. 1966ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அவர் மறைந்தார்.

பின்னர் ஆஸ்திரேலியாவில் புரூசு ஸ்டோன் என்பார், தானியங்களுக்கு உறவான ஒருவகைப் புல்லின் முளைசூழ்தசை அணுக்களை நீர்மத்தில் வளர்த்து, அவை வெளிவிடும் பாலிசாக்கரைடுகளைப் பிரித்தறிந்தார். அதற்கு முன்னரே, மகேசுவரி மறைந்த ஈராண்டில், தில்லியில் ஊமத்தையிற் கண்ட வழியைப் பின்பற்றி, ஜப்பானிய அறிஞர் இருவர் நெல்லின் மகரந்தப்பையினின்று நாற்றுக்களை எழுப்பினர்.